அணையா நெருப்புக்கு விறகு யார் போடுவது?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, கற்பனைப் பேரரசு எழுதுகிற எல்லாருடைய தலைநகரிலும் ஒரு கோட்டை, ஒரு சிம்மாசனம், ஒரு அணையா நெருப்பு என்று மூன்றும் தவறாமல் இருக்கின்றன, முதல் இரண்டைப் பற்றி மட்டும்தான் யோசிக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்தது வினை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நெருப்பைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் நெருப்புக்கே.

கேள்வி: என் நாவலில் தலைநகரின் நடுவில் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு புனித நெருப்பு எரிகிறது. அது எப்படி எரிகிறது என்று சொல்லியே ஆக வேண்டுமா? மந்திர சக்தி என்று விட்டுவிட்டால் போதாதா?

போதும், யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் மந்திரத்தில் எரிகிற நெருப்பு நாடக மேடையின் பின்திரை மாதிரி, தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். விறகில் எரிகிற நெருப்புக்குப் பசிக்கும். பசி என்று வந்துவிட்டால் ஊட்டுவதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும், கூலி என்றால் சண்டை வரும், அப்புறம் கதை தானாக நகரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய சொக்கப்பனை எல்லாம் வேண்டாம், மணிக்கு 2 கிலோ விறகு தின்கிற அடக்கமான நெருப்பு. ஒரு நாளைக்கு 48 கிலோ. ஆண்டுக்கு 17 டன்னுக்கு மேல். அதுவும் பச்சை மரம் ஆகாது, போட்டால் புகைதான் மண்டும், ஓர் ஆண்டாவது காய்ந்த விறகாக இருக்க வேண்டும். அப்படியென்றால் இந்த ஆண்டுக்கான 17 டன் எரிந்துகொண்டிருக்கும்போது அடுத்த ஆண்டுக்கான 17 டன் எங்கோ அடுக்கி வைத்துக் காய்ந்துகொண்டிருக்க வேண்டும். உங்கள் தலைநகரின் வரைபடத்தில் அந்த விறகுக் கொட்டகை எங்கே இருக்கிறது? கோவிலுக்கு ஒட்டினாற்போலவா? அப்படியானால் ஒரு பொறி பறந்தால் ஊரே போய்விடும். ஊருக்கு வெளியேவா? முற்றுகை வந்தால் எதிரி முதலில் கைவைப்பது அங்கேதான்.

ஆயிரம் ஆண்டுக்கு 17,000 டன் மரம். நெருப்பு ஏற்றிய முதல் அரசனின் காலத்தில் காடு மதில் சுவரை ஒட்டி இருந்திருக்கும். உங்கள் கதாநாயகன் காலத்தில் விறகு வண்டி பத்து நாள் ஓட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே பேரரசின் வயது வாசகருக்குப் புரிந்துவிடும், வம்சாவளிப் பட்டியலே வேண்டாம்.

அப்புறம் சாம்பல். இதை எழுதுகிறவர்கள் அநேகமாக மறந்தே போகிறார்கள். நன்றாக எரிந்த விறகு தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு சாம்பல் விடும் என்று வைத்தால்கூட ஆண்டுக்கு 170 கிலோ. புனித நெருப்பின் சாம்பல் ஆயிற்றே, தெருவில் கொட்ட முடியுமா? பழைய ரோமில் அணையா நெருப்பு எரிந்த வெஸ்டா தேவியின் கோவிலில், குப்பையை அகற்றுவதற்கென்றே ஒரு நாள் இருந்தது. ஜூன் 15. அன்றைக்குக் குப்பை வெளியே போகிற வரைக்கும் அரசு வேலைகளுக்கு ஆகாத நாள், போனதும் மீதிப் பொழுது நல்ல பொழுது. நாட்காட்டியிலேயே அப்படிக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பேரரசின் நீதிமன்றம் துடைப்பத்துக்காகக் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

அயர்லாந்தில் கில்டேர் என்ற ஊரின் கன்னியர் மடத்தில், அதன் முதல் தலைவியான புனித பிரிஜித்தின் நெருப்பு ஒன்று இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் அதைப் பற்றி எழுதிய ஜெரால்ட் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார், இத்தனை காலம் இவ்வளவு விறகு எரிந்தும் சாம்பல் மட்டும் கூடுவதே இல்லை என்று அதிசயமாகக் குறிப்பிடுகிறார். எனக்கு அந்த அதிசயத்தைவிட அந்தக் கேள்விதான் பிடிக்கிறது. அன்றைக்கே யாரோ ஒருவர் "சாம்பல் எங்கே போகிறது?" என்று கேட்டிருக்கிறார், அதற்குப் பதிலாகத்தான் இந்த அற்புதமே பிறந்திருக்கிறது.

கேள்வி: விறகு வேண்டாம், எண்ணெய் விளக்காக மாற்றிவிடுகிறேன். சுலபம்தானே?

சுலபம்தான், சின்னதாகவும் ஆகிவிடும். ஒரு திரி மணிக்கு 10 மில்லி எண்ணெய் குடிப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 88 லிட்டர். ஒரு வண்டியில் அடங்கிவிடும். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றில் அதீனாவுக்கு ஒரு தங்க விளக்கு இருந்தது. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை எண்ணெய் நிரப்புவார்கள், அடுத்த ஆண்டு அதே நாள் வரைக்கும் இரவு பகலாக எரியும் என்று பௌசானியஸ் என்ற பழைய கிரேக்கப் பயண எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். கருகாத திரி, அதாவது கல்நார் என்று நாம் சொல்கிற ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வேண்டும். மேலே கூரை வரைக்கும் வெண்கலத்தில் ஒரு ஈச்ச மரம், புகை போவதற்கு. என் 88 லிட்டர் கணக்கை வைத்துப் பார்த்தால் அது விளக்கில்லை, பீப்பாய். பௌசானியஸிடம் யாரோ கோவில் ஆள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறான் என்பது என் சந்தேகம்.

எண்ணெய்க்குக் காசு யார் தருவது என்பதையும் யோசித்துவிடுங்கள். அரசன் தருகிறான் என்று ஒரு வரியில் முடிக்கலாம், ஆனால் அரசர்கள் போர் வந்தால் முதலில் வெட்டுவது இந்த மாதிரிச் செலவைத்தான். சோழர் கல்வெட்டுகளில் இதற்கு ஒரு அழகான விடை இருக்கிறது. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது கோவிலில் அணையாமல் எரிகிற விளக்குக்கு, 96 ஆடு. ஆட்டை ஒரு இடையரிடம் ஒப்படைத்துவிடுவார்கள், அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு தட்டினாலும் செத்தாலும் குட்டிகளை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டியது அவர் பாடு, ஏட்டில் 96 எப்போதும் 96-தான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடு! கற்பனைக் கதை எழுதுகிற நாம் யாராவது இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறோமா? அது வெறும் கணக்குப் புத்தகச் சொல் என்பதுதான் இன்னும் வேடிக்கை.

கேள்வி: பூமிக்கு அடியிலிருந்து வரும் வாயுவில் எரிகிற மாதிரி வைத்தால்?

வைக்கலாம், உண்மையிலேயே அப்படி இடங்கள் உண்டு. துருக்கியில் யனார்தாஷ் என்ற மலைச்சரிவில் பாறை இடுக்குகளில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக நெருப்பு எரிகிறது, ராத்திரியில் கடலில் வருகிறவர்களுக்கு அடையாளமாக இருந்திருக்கிறது. அஸர்பைஜானின் பாக்கூ நகருக்கு அருகே ஆதேஷ்கா என்ற கோவிலும் இப்படி ஒரு வாயுக் கசிவின் மேல் கட்டியதுதான், சுவரில் சமஸ்கிருதக் கல்வெட்டுகூட இருக்கிறது.

ஆனால் ஆதேஷ்காவின் நெருப்பு 1969-இல் நின்றுபோனது. சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் வாயுவும் எடுத்து எடுத்து, கோவிலுக்கு அடியில் வருவது தீர்ந்துவிட்டது. இப்போது எரிவது பாக்கூவிலிருந்து குழாயில் வரும் வாயு. சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் பேரரசு வாயு நெருப்பில் எரிகிறதென்றால் இந்தக் கதையைத் திருடிக்கொள்ளுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். பக்கத்து மாகாணத்தில் எவனோ கிணறு தோண்டுகிறான், தலைநகரில் சுடர் ஒரு விரல்கடை குறைகிறது. அர்ச்சகர்களுக்கு மட்டும் தெரியும்.

கேள்வி: என் கதாநாயகி அந்த நெருப்பைக் காக்கும் பெண். 17 வயது. அவளுடைய ஒரு நாளை எப்படி எழுதுவது?

நாளை விடுங்கள், ராத்திரியை எழுதுங்கள். பகலில் நெருப்பைப் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள், அணைய விட மாட்டார்கள். ராத்திரி மூன்று மணிக்குத்தான் அவள் தனியாக இருப்பாள்.

ஒரு முறை, சும்மா ஒரு பந்தயத்துக்காக, ஒரு ராத்திரி முழுக்க விறகு நெருப்பை அணையாமல் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பெரிய கட்டையாக ஒன்றைப் போட்டுவிட்டால் விடிகிற வரை எரியும் என்று நினைத்தேன். எரியவில்லை. கட்டை நடுவில் வெந்து, இரண்டாக விழுந்து, இரண்டு முனையும் ஆளுக்கொரு பக்கம் உருண்டு, தனித்தனியாகக் கறுத்துக்கொண்டு வந்தன. ஒற்றைக் கட்டை எரியாது. இரண்டு கட்டை ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தால்தான், இதன் சூட்டில் அது, அதன் சூட்டில் இது என்று எரியும். நெருப்பைக் காப்பது என்றால் விறகு போடுவது இல்லை, பிரிந்து போகிறதைச் சேர்த்துச் சேர்த்து வைப்பதுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கண்ணயர முடியவில்லை. அசந்தால் சுடர் போய்த் தணலாகிவிடும், இன்னும் அசந்தால் தணலுக்கு மேல் வெள்ளையாகச் சாம்பல் படிந்துவிடும். அந்த நிலையில் பார்த்தால் அணைந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் உள்ளே கங்கு இருக்கும், நீறு பூத்த நெருப்பு என்று சொல்கிறோமே அதுதான். உண்மையில் ராத்திரியைக் கடத்த இதுதான் நல்ல வழி. கங்குகளைக் குவித்துச் சாம்பலால் மூடிவிட்டால் காற்றுப் படாமல் மெதுவாக, காலை வரைக்கும் தாங்கும். விடிந்ததும் கிளறிச் சுள்ளி வைத்தால் பிடித்துக்கொள்ளும். அணையா நெருப்பைப் புதைத்து வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்பதை ஊருக்குச் சொல்வார்களா மாட்டார்களா? உங்கள் நாயகியிடம் கேளுங்கள்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற விதத்துக்கு ரோமைப் பாருங்கள். வெஸ்டாவின் நெருப்பைக் காக்க ஆறு பெண்கள். 6 வயதிலிருந்து 10 வயதுக்குள் எடுத்துவிடுவார்கள். 30 ஆண்டு சேவை, முதல் 10 கற்க, அடுத்த 10 செய்ய, கடைசி 10 கற்றுக்கொடுக்க. அதற்கப்புறம் விருப்பப்பட்டால் கல்யாணம் செய்துகொள்ளலாம், பெரும்பாலோர் செய்துகொள்ளவில்லை. உங்கள் 17 வயதுப் பெண் இந்தக் கணக்கில் மாணவி நிலையைத் தாண்டுகிற கட்டத்தில் இருப்பாள், மூத்தவர்கள் அவளை ராத்திரி வேலைக்குத்தான் போட்டிருப்பார்கள்.

அவர்களுக்கு வேறு வேலையும் இருந்தது. ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஒரு பாத்திரம் உண்டு, வாய் அகலம், அடி குறுகல், தரையில் நிற்காது. ஏன் என்றால் அந்தத் தண்ணீரைக் கீழே வைக்கக் கூடாது. தோள் வலித்தால் இறக்கி வைக்கலாம் என்ற எண்ணமே வராதபடி பாத்திரத்தையே அப்படிச் செய்துவிட்டார்கள்! சட்டத்தைவிட இந்தப் பாத்திரம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு பக்கம் மரியாதைக்கும் குறைவில்லை. தெருவில் போனால் முன்னால் சேவகன் போவான். சொத்து வைத்துக்கொள்ளலாம், உயில் எழுதலாம். மரண தண்டனைக் கைதி வழியில் தற்செயலாக எதிரே வந்துவிட்டால் அவனுக்கு விடுதலை. கற்பு தவறினால் உயிரோடு புதைப்பார்கள் என்பதும் இதே பட்டியலில்தான் வருகிறது.

காவல் என்றால் கன்னிப் பெண்கள்தான் என்று இல்லை. பழைய பாரசீகத்தின் மதமும் இன்றைய பார்சிகளின் மதமுமான ஜொராஸ்ட்ரிய மதத்தில் ஆண் பூசாரிகள். மூச்சுக் காற்றுப் பட்டு நெருப்பு தீட்டாகாமல் இருக்க வாயை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து முறை விறகு வைக்கிறார்கள். கில்டேரிலும் வாயால் ஊதக் கூடாது, துருத்திதான். அங்கே 19 கன்னியாஸ்திரிகள் ஆளுக்கொரு ராத்திரி முறை வைத்துக்கொண்டு, 20-ஆவது ராத்திரி விறகை மட்டும் பக்கத்தில் அடுக்கிவிட்டு, "பிரிஜித், இன்றைக்கு உன் முறை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களாம். செத்துப்போன தலைவிக்கு இன்னும் வேலை நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நெருப்பு அணைந்தால் பேரரசு அழியும் என்று ஒரு தீர்க்கதரிசனம் வைத்திருக்கிறேன். சரியாக வருமா?

வரும், ஆனால் ஒரு சிக்கல். நெருப்பு அணையும். ஆயிரம் ஆண்டில் அணையாமல் இருக்கவே இருக்காது. மழை பெய்யும், கூரை ஒழுகும், காவல்காரி தூங்குவாள். உங்கள் தீர்க்கதரிசனம் உண்மையென்றால் பேரரசு 40-ஆவது ஆண்டிலேயே முடிந்திருக்கும்.

கி.மு. 206-இல், ரோமின் பரம எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் இத்தாலிக்குள்ளேயே இருந்த நேரம், ரோமில் வெஸ்டாவின் நெருப்பு அணைந்துவிட்டது. நகரமே அரண்டுபோனதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அன்றைக்கு ராத்திரி காவலில் இருந்த பெண்ணைத் தலைமைக் குருவின் உத்தரவுப்படி சாட்டையால் அடித்தார்கள். வேறொருவர் எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்தத் தண்டனையை இருட்டில், நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டுச் செய்வார்களாம், மானத்தைக் காப்பாற்ற. அடித்து முடித்த பிறகு நெருப்பை மறுபடி ஏற்ற வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கக் கூடாது, மங்கலமான மரத்தின் பலகையைக் கடைந்து புதிதாகப் பிறப்பிக்க வேண்டும். பிறந்த நெருப்பை ஒரு பெண் வெண்கலச் சல்லடையில் ஏந்திக் கோவிலுக்குள் கொண்டுபோவாள். ரோமுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அறுநூறு ஆண்டுகள் எரிந்தது.

இன்னொன்று, அவர்களே அதை ஆண்டுதோறும் மார்ச் 1 அன்று புதுப்பித்தார்கள். பழைய ரோம் நாட்காட்டியில் அதுதான் புத்தாண்டு. அதாவது "நிரந்தரம்" என்றால் ஒரே சுடர் விடாமல் எரிவது என்று அவர்களே எடுத்துக்கொள்ளவில்லை. மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 52 ஆண்டுக்கு ஒரு முறை நாட்டில் இருக்கிற எல்லா நெருப்பையும் அவர்களே அணைத்துவிடுவார்கள். இருட்டில் குன்றின் மேல் பூசாரிகள் கார்த்திகை மீன் கூட்டம் உச்சியைக் கடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், கீழே வீடுகளில் குழந்தைகளைத் தூங்கவிடாமல் உலுக்கிக்கொண்டே இருப்பார்கள், தூங்கினால் எலியாகிவிடும் என்று பயம். நட்சத்திரம் கடந்ததும் பலி கொடுக்கப்பட்டவனின் மார்பின் மேல் தீக்கடைந்து, அந்த நெருப்பை ஓட்டக்காரர்கள் ஊர் ஊராக எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கடைசியாக நடந்தது 1507-இல்.

ஆகவே தீர்க்கதரிசனத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அணைந்ததை மறைத்தவர்களையும் சேர்த்து வையுங்கள். எத்தனை முறை, யார் யார், எந்த அடுப்பிலிருந்து திருட்டுத்தனமாக ஏற்றினார்கள்? 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மழையில் தீபம் அணைந்துபோக, அங்கே வேலையில் இருந்த ஒருவர் சிகரெட் லைட்டரால் பற்றவைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அதை அவசரமாக அணைத்துவிட்டு, ஒலிம்பியாவிலிருந்து கொண்டுவந்து தனியாகப் பாதுகாத்து வைத்திருந்த சுடரிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே நெருப்புதான். அணைத்துவிட்டு ஏற்றினார்களே, அதில் இருக்கிறது மதம்.

கேள்வி: தலைநகரை எதிரி பிடித்துவிடுகிறான். நெருப்பைத் தூக்கிக்கொண்டு தப்பிக்க முடியுமா?

முடியும். கங்குகளைச் சாம்பலில் புதைத்து மண்சட்டியில் எடுத்துப்போகலாம், அவ்வப்போது புதுக் கங்குக்கு மாற்றிக்கொண்டே போனால் எத்தனை நாள் வேண்டுமானாலும் போகலாம். ஈரானிலிருந்து வந்த பார்சிகள் ஏற்றிய முதல் பெரிய நெருப்புக்கு "ஈரான்ஷா" என்று பெயர், ஈரானின் அரசன். நாடு போய்விட்டது, அரசன் நெருப்பு வடிவில் இருக்கிறான். அவர்கள் குடியேறிய குஜராத்தின் சஞ்சான் ஊர் தாக்கப்பட்டபோது அதை ஒரு மலைக் குகைக்குக் கொண்டுபோய் 12 ஆண்டு வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் மரபு. அப்புறம் ஊர் ஊராக மாறி 1742-இல் உத்வாடாவுக்கு வந்தது. இன்றைக்கும் அங்கே எரிகிறது.

அந்த வகை நெருப்பை உருவாக்குவதே ஒரு நாவல். 16 இடத்து நெருப்பு வேண்டும், பொற்கொல்லன் உலை, குயவன் சூளை, ரொட்டி சுடுகிறவன் அடுப்பு, அரசன் வீட்டு நெருப்பு, சுடுகாட்டுச் சிதை, மின்னல் விழுந்து பற்றிய மரம் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றையும் சுத்தப்படுத்த, ஓட்டைக் கரண்டியில் சந்தனச் சிராய்களை வைத்து நெருப்புக்குச் சற்று மேலே, சுடர் தொடாதபடி பிடிப்பார்கள். சூட்டிலேயே அது பற்றிக்கொள்ளும். பற்றியதற்கு மேல் இன்னொரு கரண்டி, அதற்கு மேல் இன்னொன்று. சுடுகாட்டு நெருப்பு அப்படிப் பல தலைமுறை தாண்டித் தன் பழைய வேலையை மறந்துவிடுகிறது.

இன்னொரு உபாயம், ஆபத்து வருவதற்கு முன்பே பிரித்து வைப்பது. ஜப்பானில் ஹியெய் மலைக் கோவிலின் அணையா விளக்கிலிருந்து வடக்கே யமதேரா என்ற கோவிலுக்கு ஒரு சுடர் கொண்டுபோயிருந்தார்கள். 1571-இல் ஒதா நொபுனாகா என்ற போர்த்தலைவன் ஹியெய் மலையையே கொளுத்திவிட்டான், விளக்கும் போயிற்று. பிற்பாடு யமதேராவிலிருந்து அதே சுடரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தாய் மகளிடமிருந்து பிறந்த மாதிரி.

ஓட்டம்தான் வேண்டும் என்றால் கிரேக்கத்தின் பிளாட்டியா ஊர்க்காரன் யூகிதாஸ் இருக்கிறான். கி.மு. 479-இல் பாரசீகர்களைப் பிளாட்டியாவில் தோற்கடித்த பிறகு, எதிரியால் தீட்டுப்பட்ட நெருப்பை எல்லாம் அணைத்துவிட்டு டெல்ஃபியிலிருந்து புதிது கொண்டுவர வேண்டும் என்று வாக்கு வந்தது. அவன் ஓடிப் போய், எடுத்துக்கொண்டு அன்றே திரும்பி ஓடி வந்தான், மொத்தம் 180 கிலோமீட்டருக்கு மேல் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். வந்து, ஊராரை வணங்கி, நெருப்பைக் கொடுத்துவிட்டு விழுந்து செத்தான்.

கேள்வி: பேரரசருக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம் வைக்கலாம்? இப்போதைக்குப் பட்டாபிஷேகத்தில் மட்டும் வருகிறது.

சசானியப் பாரசீகத்தில் ஒவ்வொரு அரசனும் பட்டத்துக்கு வரும்போது தனக்கென ஒரு நெருப்பு ஏற்றுவான், நாணயத்தில் ஒரு பக்கம் அவன் முகம், மறுபக்கம் அக்கினி பீடம். ஆண்டுக் கணக்குகூட அதை வைத்துத்தான். பிஷாப்பூர் கல்வெட்டு ஒன்று "அர்தஷீரின் நெருப்புக்கு 40-ஆவது ஆண்டு, ஷாப்பூரின் நெருப்புக்கு 24-ஆவது ஆண்டு" என்கிற மாதிரி தேதி போடுகிறது. உங்கள் பாத்திரங்கள் கடிதத்தில் தேதி போடும்போது இதைப் பயன்படுத்துங்கள், ஒரு பக்க விளக்கம் மிச்சம்.

அதற்கும் முந்தைய பாரசீகத்தில் அரசன் செத்தால் புனித நெருப்புகளை அணைப்பது வழக்கம். கி.மு. 324-இல் தன் நண்பன் ஹெஃபாய்ஸ்டியன் செத்த துக்கத்தில் அலெக்சாண்டர், ஈமச் சடங்கு முடிகிற வரை ஆசியா முழுக்க நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டான். அரசன் உயிரோடு இருக்கும்போதே அரசனுக்கான சாவுச் சடங்கு. மக்கள் முணுமுணுத்தார்கள், இது அவனுக்கே கெட்ட சகுனம் என்று. அடுத்த ஆண்டு அவன் இல்லை.

கேள்வி: நீல நிற நெருப்பு வைக்கலாமா?

வைக்கலாம். செப்பு உப்பு தூவினால் பச்சையும் நீலமும் கலந்து வரும், தூவுவதை நிறுத்தினால் நிறமும் போய்விடும். ஆக, தூவுகிறவன் ஒருவன் கோவிலில் ரகசியமாக இருக்க வேண்டும்.

கேள்வி: நெருப்புக்குப் பக்கத்தில் தெய்வச் சிலை வேண்டுமா?

வெஸ்டாவின் வட்டக் கோவிலுக்குள் சிலையே கிடையாது என்று ரோமக் கவிஞர் ஓவிட் சொல்கிறார், நெருப்புதான் அவள். சிலை இல்லாமல் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: டிராகன் மூச்சில் பற்றிய நெருப்பு என்றால்?

டிராகனுக்குத் தீனி யார் போடுவது என்று அடுத்த கேள்வி கேட்பேன்.

கேள்வி: கடைசி அத்தியாயத்தில் நெருப்பை அணைக்கப் போகிறேன். படையெடுப்பு, பூகம்பம், கோவில் இடிந்து விழுகிறது. பொருத்தமாக இருக்குமா?

பூகம்பம் கொஞ்சம் அதிகம். ஏதென்ஸின் அந்தத் தங்க விளக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ரோமத் தளபதி சுல்லா நகரை முற்றுகையிட்டிருந்தபோது, உள்ளே ஆண்ட கொடுங்கோலன் எண்ணெய் தராமல் விட்டுவிட்டான், விளக்கு அணைந்தது. இடியும் இல்லை, மின்னலும் இல்லை, எண்ணெய் இல்லை.

ரோமில் அதுகூட இல்லை. தீ விபத்துகளில் கோவில் பலமுறை எரிந்து, பலமுறை கட்டி, நெருப்பு ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. கடைசியில் கிறிஸ்தவப் பேரரசன் தியோடோசியஸ் காலத்தில் பழைய வழிபாடுகளுக்குத் தடை வந்தது, கி.பி. 394 வாக்கில் அதுவும் நின்றது. யாரும் வாளை உருவவில்லை. விறகு வருவது நின்றிருக்கும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததாக சோசிமஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒன்று சொல்கிறார். தியோடோசியஸின் சகோதரன் மகள் செரீனா ஒரு நாள் வேறொரு பழைய தேவியின், தெய்வங்களின் தாய் என்று வணங்கப்பட்டவளின், கோவிலுக்கு வேடிக்கை பார்க்கப் போகிறாள். சிலையின் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். அங்கே ஒரு கிழவி நிற்கிறாள், வெஸ்டாவின் கன்னியரில் கடைசியாக மிஞ்சியவள். முகத்துக்கு நேராகத் திட்டுகிறாள். செரீனா கூட வந்தவர்களிடம் சொல்லிக் கிழவியை வெளியே துரத்துகிறாள். படியில் இறங்கும்போது கிழவி, இதற்கு உரியது உனக்கும் உன் புருஷனுக்கும் உன் பிள்ளைகளுக்கும் வரட்டும் என்று சாபம் விடுகிறாள். 408-இல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்ட நேரத்தில், எதிரியோடு சேர்ந்துவிட்டாள் என்ற சந்தேகத்தில் செனட் செரீனாவுக்கு மரண தண்டனை கொடுத்தது. கயிற்றால் கழுத்தை நெரித்தார்கள், மாலை கிடந்த அதே இடத்தில்.